ஏமாந்தவர் மட்டும்தான் கவனக்குறைவானவரா?

"கடந்த மாத மின்கட்டணம் எங்கள் பதிவேட்டில் சேரவில்லை. எனவே இன்றிரவு 9.30 மணிக்குத் தங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனடியாக மின் அலுவலரை இந்த எண்ணில் அழைக்கவும்." ஏறத்தாழ இந்தப் பொருள்படும் குறுஞ்செய்தி 2022ஆம் ஆண்டில் நாட்டின் பல மாநிலங்களில் பரவத் தொடங்கியது. நம்ப வேண்டாம் என்று தில்லியின் மின்பகிர்மான நிறுவனங்கள் அறிவித்தன, தமிழ்நாடு மின்வாரியமும் அறிவித்தது, காவல்துறையும் எச்சரித்தது. இருந்தும் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், கணக்கு வழக்கில் கறாரானவர்கள் என எல்லாத் தரப்பினரும் ஏமாந்தார்கள். மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதிக் காரணம்கூட அல்ல.

அந்த 9.30 மணியைக் கவனியுங்கள். மோசடிக்காரர்கள் அதை யோசித்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குமேல் வரும் செய்தியைச் சரிபார்க்க அலுவலகம் திறந்திருக்காது. தெரிந்த ஊழியர் வீட்டுக்குப் போயிருப்பார். ஜூன் மாதத்துத் தில்லியில் இரவு மின்விசிறி நின்றால் என்ன ஆகும் என்பதை இங்கு வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கும் முதியவரும் உள்ள வீட்டில் அந்த அச்சம் இன்னும் கூடுதல். மின்சாரம், சமையல் எரிவாயு, வாகன அபராதம், வருமான வரி என்று அரசோடும் வாரியங்களோடும் குடும்பங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கலில்தான் 'ஃபிஷிங்' எனப்படும் இந்தத் தூண்டில் மோசடி வெற்றி பெறுகிறது. பரிசுச் சீட்டு விழுந்ததாகச் சொன்னால் இன்று எவரும் எளிதில் நம்புவதில்லை. அதில் இருப்பது ஆசை. இதில் இருப்பது கடமை. ஒழுங்காகக் கட்டணம் செலுத்துபவர்தான் இதற்கு முதலில் பதறுகிறார்.

மயூர் விகாரில் வசிக்கும் எனது நண்பர் ஒருவர், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். 2023ஆம் ஆண்டு கோடையில் இத்தகைய செய்தி அவருக்கும் வந்தது. கட்டணத்தை அவர் ஏற்கெனவே செலுத்தியிருந்தார். அதனாலேயே அழைத்தார். மறுமுனையில் பேசியவர் மிகுந்த மரியாதையோடு இந்தியில் பேசினார். "பணம் வந்துவிட்டது ஐயா, பதிவேற்றம் மட்டும் ஆகவில்லை. பத்து ரூபாய் செலுத்தினால் கணக்கு சரியாகிவிடும்" என்றார். அதற்காக ஒரு செயலியை நிறுவச் சொன்னார். அது செல்லிடப்பேசியின் திரையை மறுமுனையில் இருப்பவருக்கு அப்படியே காட்டும் செயலி என்பது நண்பருக்குத் தெரியாது. பத்து ரூபாய் போனது. வங்கி அனுப்பிய ஓ.டி.பி.யை மறுமுனை படித்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் ரூ. 87 ஆயிரம் போனது. வெட்கத்தால் அன்றிரவு வீட்டில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகல்தான் வங்கிக்குப் போனார். பணம் அதற்குள் பல கணக்குகளுக்குக் கைமாறியிருந்தது. "ரகசிய எண் தங்கள் பேசியிலிருந்தே உள்ளிடப்பட்டுள்ளது, இது வாடிக்கையாளரின் கவனக்குறைவு" என்று வங்கி இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டது.

கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லைத்தான் நாம் சற்று நின்று ஆராய வேண்டும்.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் 56ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கட்டணம் செலுத்தாதவரின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால், முழுமையாக 15 நாள்களுக்குக் குறையாத எழுத்துபூர்வ அறிவிப்பு தரப்பட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கட்டணத் தொகையில் தகராறு இருந்தால், கோரப்பட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியின்படியான தொகையையோ ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டு, தகராறு தீரும் வரை இணைப்பைக் காத்துக்கொள்ளவும் அது வழிசெய்கிறது. இந்த அறிவிப்பு கட்டணச் சீட்டின் மூலமாகவே தரப்படுவதும் உண்டு. எப்படியிருந்தாலும், மாலையில் செய்தி அனுப்பி இரவில் துண்டிக்கும் அதிகாரம் எந்த வாரியத்துக்கும் சட்டப்படி இல்லை. அந்தக் குறுஞ்செய்தி பொய் என்பதற்கு எழுத்துப் பிழையோ, சந்தேகத்துக்குரிய இணைப்போ சான்றாக வேண்டியதில்லை, 9.30 என்ற அந்த நேரமே போதிய சான்று. இந்த ஒரு செய்தி நண்பருக்குத் தெரிந்திருந்தால் அவர் அழைத்திருக்கவே மாட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கோப்புகளைப் பார்த்த அவருக்கே அது தெரியவில்லை. தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவித்தார்களா? மின்கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில் சூரிய மின்சக்தி விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது. இந்த 15 நாள் உரிமையை ஒரு வரியில் அச்சிட இடமில்லை.

இதையும் மங்கச் செய்யும் மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டம், 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவதை இலக்காக வைத்தது. முன்கட்டண மீட்டரில் இருப்புத் தொகை தீர்ந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். இந்த மீட்டர்களை முன்னதாகவே பெருமளவில் பொருத்திய பிகாரில் 'இருப்பு தீர்கிறது, உடனே பணம் செலுத்துங்கள்' என்ற செய்தி பொய்யல்ல. வாரியமே அனுப்பும் செய்தி. அப்படியானால் அங்குள்ள குடும்பம் எதைக் கொண்டு மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும்? மீட்டரை மாற்றும்போது அதன் சிக்கனத்தைப் பற்றிப் பேசும் அதிகாரிகள், நுகர்வோரிடமிருந்து அது பறிக்கும் இந்த அவகாசத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அரசு தரும் அறிவுரைகளை அரசே பின்பற்றுகிறதா என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். இணைய முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரை. வாகன அபராதம் செலுத்தும் பரிவாகன் தளமும் வருமான வரித் தளமும் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் தில்லியில் மின்பகிர்மானம் 2002லேயே தனியார்மயமாகிவிட்டது. அந்த நிறுவனங்களின் முகவரிகள் வணிக நிறுவனங்களுக்குரிய 'டாட் காம்' வகை. தமிழ்நாடு மின்வாரியத்தின் கட்டணப் பக்கம் ஆண்டுக்கணக்கில் 'ஓஆர்ஜி' என்ற முடிவோடுதான் இயங்கியது. உலகில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கக்கூடிய முடிவு அது. இன்னொரு வேடிக்கை: இணையப் பாதுகாப்புக்கென்றே மத்திய அரசு 2004ல் ஏற்படுத்திய செர்ட்-இன் அமைப்பே நெடுங்காலமாக 'ஓஆர்ஜி டாட் இன்' முகவரியில் இயங்கி வந்திருக்கிறது.

'அச்சுறுத்தும் தொனியில் வரும் செய்தியை நம்பாதீர்கள்' என்பது அடுத்த அறிவுரை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் மின் இணைப்பு எண்ணுடன் ஆதாரை இணைக்க வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. நுகர்வோருக்குச் செல்லிடப்பேசி வழியே அறிவிப்புகள் சென்றன. போலி மின்துண்டிப்புச் செய்தி உலவிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இதுவும் நடந்தது. நிரந்தரக் கணக்கு எண்ணை ஆதாருடன் இணைக்காவிட்டால் 2023 ஜூன் 30க்குப் பிறகு அது செயலிழக்கும் என்று மத்திய அரசு சொன்னது, இணைக்க ரூ. 1,000 கட்டணமும் வாங்கியது. கே.ஒய்.சி. புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்று வங்கிகள் சொல்கின்றன. சொன்னபடி முடக்கவும் செய்கின்றன. கெடு, அபராதம், முடக்கம் என்ற மூன்று சொற்களாலேயே குடிமக்களுடன் பேசிப் பழகிய நிர்வாகம், அந்தத் தொனியை மோசடிக்காரன் எடுத்துக்கொண்டான் என்று குறைபட முடியாது.

மொழியை எடுத்துக்கொள்வோம். பிழையான ஆங்கிலம் மோசடியின் அடையாளம் என்று எல்லாக் கையேடுகளிலும் எழுதுகிறார்கள். ஆங்கிலமோ இந்தியோ சரளமாகப் படிக்க இயலாத தமிழரோ ஒடியரோ அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பார்? செயற்கை நுண்ணறிவு பிழையற்ற வாசகங்களை நொடியில் எழுதித் தரும் இந்நாளில் அந்த அடையாளமும் மறைந்துவிட்டது. மாறாக, மத்திய அரசின் நிறுவனங்களும் வங்கிகளும் ஒருவருக்கு அவர் பதிவு செய்துள்ள மொழியில், அவரது இணைப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறிப்பிட்டு, எந்த இணைப்பும் எந்தத் தொலைபேசி எண்ணும் இல்லாமல் மட்டுமே செய்தி அனுப்புவது என்று விதித்துக்கொண்டால், அதிலிருந்து விலகும் எதுவும் பொய் என்று சாமானியரும் சொல்லிவிடலாம். எட்டாவது அட்டவணை மொழிகளின் உரிமை என்று நாம் பேசும்போது அதை உணர்ச்சி சார்ந்த கோரிக்கையாகவே தில்லி பார்க்கிறது. இங்கே அது பணப் பாதுகாப்புக் கோரிக்கை.

நல்ல முயற்சிகளே இல்லை என்று சொல்ல முடியாது. குறுஞ்செய்தி அனுப்புவோரின் பெயருக்குப் பின்னால் அரசுச் செய்தியானால் 'ஜி', விளம்பரமானால் 'பி' என்பதுபோல் ஓர் ஆங்கில எழுத்து இடம்பெற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025ல் ஏற்பாடு செய்தது. எந்த வாரியமும் பத்து இலக்கத் தனிநபர் எண்ணிலிருந்து துண்டிப்பு அறிவிப்பை அனுப்புவதில்லை என்பதை இதோடு சேர்த்து நினைவில் வைத்தால், பெரும்பாலான போலிகளை எண்ணைப் பார்த்தே கழித்துவிடலாம். வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் டாட் இன்' என்ற தனி முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவை வங்கி அல்லாதவர்கள் வாங்க இயலாது. வங்கிகளுக்குச் சாத்தியமான இந்த ஏற்பாடு மின்வாரியங்களுக்கும் எரிவாயு நிறுவனங்களுக்கும் ஏன் சாத்தியமில்லை என்று நாடாளுமன்றத்தில் எவரேனும் கேட்க வேண்டும்.

இனி, பணம் போன பிறகு நடப்பதைப் பார்ப்போம். இந்த மோசடியை நம் நீதிமன்றங்கள் அறியாமல் இல்லை. நாஸ்காம் தொடுத்த வழக்கில், பிறரது பெயரில் மின்னஞ்சல் அனுப்பித் தகவல் பறிப்பது சட்டவிரோதம் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2005 மார்ச்சிலேயே கூறியது. அப்போது நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டப் பிரிவுகூடக் கிடையாது. 2010 ஏப்ரலில் சென்னையில் மற்றொரு தீர்ப்பு வந்தது. வங்கியின் பெயரில் வந்த மின்னஞ்சலை நம்பிப் பணம் இழந்த, வெளிநாட்டில் பணிபுரிந்த தமிழர் ஒருவரின் புகாரை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தீர்ப்பதிகாரியாக இருந்த மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரித்தார். வாடிக்கையாளர்தான் கடவுச்சொல்லைக் கொடுத்தார் என்ற வங்கியின் வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வங்கி உரிய எச்சரிக்கையோடு செயல்பட்டதா என்று கேட்டார். ரூ. 12.85 லட்சம் வழங்குமாறு அந்தத் தனியார் வங்கிக்கு உத்தரவிட்டார். மேல்முறையீடு 2019 வரை இழுத்தது. முடிவில் தில்லித் தீர்ப்பாயத்திலும் வாடிக்கையாளர் பக்கமே நின்றது தீர்ப்பு. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய இந்த முன்னுதாரணம் பொதுவிவாதத்தில் அநேகமாக மறக்கப்பட்டுவிட்டது.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வேறு வழியில் சென்றது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்பவருக்கு எந்த இழப்பும் கிடையாது என்றது. வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் சொன்னது. இவை நல்ல விதிகள். ஆனால் ரகசியத் தகவலைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவருடையதே என்றும் அதே சுற்றறிக்கை எழுதிவைத்தது. தூண்டில் மோசடி என்பதே தகவலைப் பகிரச் செய்யும் கலைதான். ஆகவே இந்த மோசடியில் சிக்கிய ஏறத்தாழ அனைவரும் அந்த ஒரு சொல்லால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பத்து ரூபாய் அனுப்பிய கணக்கிலிருந்து அடுத்த நிமிடமே முன்பின் தெரியாத கணக்குக்கு ரூ. 87 ஆயிரம் போவதைக் கண்டும் நிறுத்தாத வங்கி கவனமானது. போலி ஆவணத்தில் அந்த இரண்டாவது கணக்கைத் திறந்து கொடுத்த வங்கியும் கவனமானது. ஏமாந்த முதியவர் மட்டும் கவனக்குறைவானவர்! விதிகள் எத்தனை முறை திருத்தப்பட்டாலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத திருத்தம் பயன்படாது.

பிரிட்டனில் தொலைக்காட்சி பார்ப்பதற்கு வீடுகள் ஆண்டு உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. நம் நாட்டிலும் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமம் புதுப்பித்த காலம் இருந்தது. அந்தச் சிறு புத்தகத்தில் முத்திரை குத்தி வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. 'உரிமக் கட்டணம் கட்டத் தவறிவிட்டது, உடனே வங்கி விவரம் தருக' என்ற போலி மின்னஞ்சல் பிரிட்டனில் ஆண்டுதோறும் வலம் வருகிறது. நம்முடைய மின்துண்டிப்புச் செய்திக்கு அண்ணன் முறை. அங்கேயும் ஏமாறுகிறார்கள். ஆனால், ஏமாற்றப்பட்டுத் தாமே பணத்தை அனுப்பியவருக்கும் வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் 7 முதல் அங்கு கட்டாயமாக்கப்பட்டது. உச்சவரம்பு 85 ஆயிரம் பவுண்ட். அனுப்பிய வங்கி பாதி, பெற்றுக்கொண்ட வங்கி பாதி. போலிக் கணக்கைத் திறந்துவைத்த வங்கியின் பணப்பையில் கை வைத்தால்தான் போலிக் கணக்குகள் குறையும் என்ற எளிய கணக்கு அது. இந்தியாவின் எண்ணிக்கைக்கு இது கட்டுப்படியாகாது என்பார்கள். அந்த எண்ணிக்கை என்ன? உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த தகவலின்படி, இணையவழி நிதி மோசடிகளில் மக்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023ல் ரூ. 7,465 கோடி, 2024ல் ரூ. 22,845 கோடி. இந்தச் சுமையைத்தான் இப்போது தனித்தனிக் குடும்பங்கள் கட்டுப்படியாக்கிக்கொண்டிருக்கின்றன.

இந்த நிலையில் ஒருவர் செய்யக்கூடியது என்ன? செய்தியில் உள்ள எண்ணை அழைக்காமல், பழைய கட்டணச் சீட்டில் அச்சாகியிருக்கும் எண்ணை அழைப்பது. இணைப்பைத் தொடாமல், வழக்கமாகக் கட்டும் வழியிலேயே நிலுவை இருக்கிறதா என்று பார்ப்பது. வாட்ஸ்ஆப்பில் அபராதச் சீட்டு என்ற பெயரில் 'ஏபிகே' என்று முடியும் கோப்பு வந்தால் அதைத் திறக்கவே கூடாது. அது சீட்டல்ல, பேசியின் குறுஞ்செய்திகளைத் திருடும் செயலி. பணம் இழக்காமல் தப்பியவர்கள் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் தரலாம். இதை வீண் வேலை என்று எண்ண வேண்டாம். மின்சார கே.ஒய்.சி. மோசடி பற்றி அங்கு வந்த சில புகார்களில் இருந்த ஐந்தே எண்களைப் பின்தொடர்ந்துதான், 392 கைபேசிகளையும் அவற்றோடு தொடர்புடைய 31,740 இணைப்புகளையும் தொலைத்தொடர்புத் துறை 2024 ஜூனில் கண்டறிந்தது.

பணம் போய்விட்டால், யாரிடம் சொல்வது என்று யோசிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இது 2021ல் வேறு எண்ணில் தொடங்கி, பிறகு 1930 ஆனது. புகார் பதிவானதும் பணம் சென்று சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அங்கே மிச்சமிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படும். அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டால் அந்த வங்கிக்குத் தகவல் போகும். எனவே இங்கே கணக்கு நிமிடங்களில்தான். 2025 ஜூலை வரை இவ்வாறு காப்பாற்றப்பட்ட தொகை ரூ. 5,489 கோடிக்கும் மேல் என்று அரசு தெரிவித்தது. பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு வேறொரு பேசியிலிருந்து அழைப்பது நல்லது. வங்கிக்கு எழுத்திலும் தெரிவித்து, தேதியும் நேரமும் உள்ள ஒப்புகையைப் பெற வேண்டும். ஏனெனில் தெரிவித்த கணத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்பதையும் அந்த 2017 சுற்றறிக்கையே சொல்லியிருக்கிறது. என் நண்பர் வெட்கத்தால் இழந்தது அந்த ஓர் இரவை.

காவல்துறையின் கதவு மட்டும் இன்னமும் கனமாகவே இருக்கிறது. 1930க்கு வரும் புகார் தானாகவே முதல் தகவல் அறிக்கையாக மாறும் ஏற்பாட்டை 2025 மே மாதம் தில்லியில் உள்துறை அமைச்சகம் சோதனை முறையில் தொடங்கியது. வரவேற்கத்தக்கது. ஆனால் தொடக்கத்தில் அது ரூ. 10 லட்சத்துக்கு மேற்பட்ட இழப்புகளுக்கே வகுக்கப்பட்டது. மின்கட்டணத்தின் பெயரால் ஏமாறுபவரிடம் பத்து லட்சம் இருப்பதில்லை. அவர் இழப்பது ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த ஐம்பதாயிரமோ எண்பதாயிரமோ. 2024 அக்டோபரில் 'மனதின் குரல்' உரையில் பிரதமர், நிதானித்து, சிந்தித்து, பிறகு செயல்படுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை கூறினார். அறிவுரை சரியானதே. செயல்படுங்கள் என்ற அந்த மூன்றாவது சொல், வங்கிகளையும் வாரியங்களையும் நோக்கியும் சொல்லப்பட வேண்டும்.

நண்பரின் புகார் எண் அவரது மேசையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மின்கட்டணத்தை அவர் இப்போது இணையத்தில் செலுத்துவதில்லை. மாதந்தோறும் காசோலையை எடுத்துக்கொண்டு கட்டண மையத்துக்கு நேரில் போகிறார். ரசீதில் முத்திரை தெளிவாக விழவில்லை என்றால் மறுபடியும் குத்தச் சொல்லி வாங்கிவருகிறார்.